பிறந்த குதிரைக்குட்டியின் கோணல் கால்கள்: எதை விட்டுவைக்கலாம், எதற்கு அவசரம்?

நலமாகப் பிறந்த குதிரைக்குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்கும். அது எழுந்து நிற்கும் அந்த நேரத்தில்தான் பலருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முன்முட்டிகள் இரண்டும் உள்பக்கம் நெருங்கியிருக்கின்றன, குளம்புகள் வெளியே திரும்பியிருக்கின்றன, பின்னங்காலில் குளம்பின் முனை தரையைத் தொடாமல் மேலே தூக்கியிருக்கிறது. சுற்றி நிற்பவர்களில் ஒருவர், "எல்லாம் தானா சரியாயிடும்" என்பார். இன்னொருவர், "இப்பவே கட்டுப் போடலைன்னா காலே போச்சு" என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் ஏதோ ஒரு வகைக் கோணலுக்குப் பொருந்தும். ஆனால் மாற்றிச் செய்தால் ஆபத்து. ஒரு வகைக்கு மருந்தாக இருக்கும் நடை, இன்னொரு வகையில் எலும்பையே நசுக்கிவிடும். ஒரு வகைக்கு உதவும் கட்டு, இன்னொன்றைப் பலவீனமாக்கும். எனவே சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன், கால் எந்தத் திசையில் வளைந்திருக்கிறது, எந்த இடத்தில் வளைந்திருக்கிறது, குட்டிக்கு எத்தனை நாள் வயது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தத் திசையில் கோணல்?

முதலில் மூட்டுகளின் பெயர்கள். முன்முட்டி என்பது முன்னங்காலின் நடுவில் இருக்கும் பெரிய மூட்டு. உடற்கூறுப்படி அது நம் மணிக்கட்டுக்கு நிகரானது. பின்னங்காலில் அதே உயரத்தில் பின்பக்கம் புடைத்துத் தெரிவது ஹாக். குளம்புக்குச் சற்று மேலே இருப்பது கணு.

1. பக்கவாட்டுக் கோணல். மூட்டுக்குக் கீழே உள்ள பகுதி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அது வால்கஸ். உள்பக்கம் சாய்ந்திருந்தால் வேரஸ். குட்டிகளில் அதிகம் காணப்படுவது முன்முட்டி வால்கஸ். கணுவில் வேரஸ் அடிக்கடி வரும். ஒரு பின்னங்கால் வெளியேயும் மற்றது உள்ளேயும் சாய்ந்து, இரண்டும் ஒரே பக்கம் ஒதுங்கியது போல நிற்கும் குட்டிகளும் உண்டு. கருப்பையில் நெருக்கிக்கொண்டு கிடந்த குட்டிகளிடம் இதைப் பார்க்கலாம்.

2. முன்பின் கோணல். இது பெரும்பாலும் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அதைச் சுற்றிய திசுக்களும் சம்பந்தப்பட்டது. இறுக்கமாக இருந்தால் முட்டியோ கணுவோ முன்பக்கம் மடிந்து நிற்கும். தளர்வாக இருந்தால் கணு தரையை நோக்கித் தாழ்ந்து, குளம்பின் முனை மேலே தூக்கும்.

3. முறுக்கல். எலும்பு வளையாமல், கால் முழுவதுமே வெளிப்பக்கமோ உள்பக்கமோ திரும்பியிருப்பது.

மூன்றாவதை முதலாவது என்று நினைத்துப் பயப்படுவதுதான் அதிகம் நடக்கிறது. பிறந்த குட்டியின் நெஞ்சு மிகக் குறுகலானது. அதனால் முழங்கை உள்ளே ஒடுங்கி, கால் மொத்தமாக வெளியே திரும்பி நிற்கும். நெஞ்சுக்கு நேரே நின்று பார்ப்பவருக்கு அது பெரிய கோணலாகத் தெரியும். குட்டியின் நெஞ்சுக்கு நேரே நிற்கக் கூடாது. முன்முட்டியின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதற்கு நேரே போய் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்க்கும்போது மேலெலும்பும் கீழெலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் வளைவு கிடையாது, வெறும் திருப்பம்தான். குட்டி வளர வளர நெஞ்சு அகலும், முழங்கை வெளியே தள்ளப்படும், குளம்பு தானாக முன்னோக்கித் திரும்பும். இதனால்தான், பிறந்த அன்றே நூல் பிடித்தது போல் நேராக நிற்கும் கால் பின்னாளில் உள்பக்கம் திரும்பிவிடக்கூடும் என்று அனுபவமுள்ளவர்கள் எச்சரிக்கிறார்கள். முன்முட்டியில் 5 டிகிரிக்குள் இருக்கும் வால்கஸ் பிறந்த குட்டியில் இயல்பானதாகவே கருதப்படுகிறது.

எந்த இடத்தில் வளைகிறது?

பக்கவாட்டுக் கோணலுக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

1. முழுமையடையாத சிறு எலும்புகள். முன்முட்டியிலும் ஹாக்கிலும் கனசதுரம் போன்ற சின்னச் சின்ன எலும்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கருவில் இவை முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். அதன் கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான் இவை எலும்பாக மாறுகின்றன. குட்டி முன்கூட்டியே பிறந்தால், அல்லது இரட்டையாகப் பிறந்தால், அல்லது நஞ்சுக்கொடியில் தொற்று இருந்து சரியாக ஊட்டம் கிடைக்காமல் போயிருந்தால், இந்த மாற்றம் பாதியிலேயே நின்றிருக்கும்.

2. தளர்ந்த இணைப்புநார்கள். எலும்பு சரியாகவே இருக்கும். மூட்டை இரு பக்கமும் பிடித்து நிறுத்தும் நார்களில் இறுக்கம் போதாது.

3. வளர்ச்சித் தட்டில் ஏற்றத்தாழ்வு. நீண்ட எலும்பின் முனைக்கு அருகே குருத்தெலும்பாலான ஒரு தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அந்தத் தட்டின் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வளர்ந்தால், மெதுவான பக்கம் நோக்கிக் கால் சாயும்.

கையாலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. குட்டி படுத்திருக்கும்போது, மூட்டுக்கு மேலே உள்ள எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, கீழ்ப்பகுதியை மறு கையால் மெதுவாக நேர்க்கோட்டுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். கால் நேரானால் காரணம் முதல் இரண்டில் ஒன்று. நேராக மறுத்தால் வளர்ச்சித் தட்டோ எலும்பின் தண்டோதான் காரணம். ஆனால் கை அதற்கு மேல் சொல்லாது. எலும்பாகாத முட்டியும் நார் தளர்ந்த முட்டியும் கைக்கு ஒன்றுபோலத்தான் வளைந்துகொடுக்கும். அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

320 நாளுக்கு முன் பிறந்த குட்டி, இரட்டைக் குட்டி, நாள் கணக்கு சரியாக இருந்தும் பட்டுபோல மென்மையான ரோமம், தொங்கும் காது, புடைத்த நெற்றி என்று முதிராத தோற்றத்தோடு வந்த குட்டி ஆகியவற்றுக்கு, கால் நேராகத் தெரிந்தாலும், தாயோடு நடமாட விடுவதற்கு முன்பே முன்முட்டியையும் ஹாக்கையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காரணம் எளிது. குருத்தெலும்பாக இருக்கும் சிறு எலும்பின் மீது உடல் எடை சாய்ந்து விழுந்தால் அது ஆப்பு வடிவத்தில் நசுங்கும். பிறகு அந்த நசுங்கிய வடிவத்திலேயே எலும்பாக உறைந்துவிடும். அதன்பின் அந்த மூட்டைப் பழைய வடிவுக்குக் கொண்டுவர அறுவை சிகிச்சையாலும் முடியாது. சில வருடங்களில் மூட்டுத் தேய்மானம் வந்து சேரும்.

வளர்ச்சித் தட்டுக்கு ஒரு நாட்கணக்கு உண்டு

கோணலைத் திருத்த நம்மிடம் இருக்கும் ஒரே சக்தி வளர்ச்சி. அது எல்லா மூட்டிலும் ஒரே காலம் வரை நீடிப்பதில்லை.

கணுவுக்கு மேலே உள்ள தட்டு முதல் இரண்டு மூன்று மாதங்களில் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறது. முன்முட்டிக்கு மேலே, அதாவது ஆர எலும்பின் கீழ்முனையில் உள்ள தட்டு, முதல் ஆறு மாதம் வேகமாக வளர்கிறது. பிறகு மெதுவாக இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும்கூட வளர்கிறது. ஹாக்குக்கு மேலே உள்ள தட்டிலும் முதல் சில மாதங்கள்தான் முக்கியம்.

இதன் விளைவு என்ன? முன்முட்டியில் மிதமான வால்கஸ் இருந்தால் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம், தப்பில்லை. கணுவில் வேரஸ் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. முதல் மாதம் முடிவதற்குள் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் அடுத்த கட்டத்தை முடிவு செய்தாக வேண்டும்; அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு மாத வயதுக்குள் செய்வதே பலன் தரும். மூன்றரை மாதக் குட்டியைக் கூட்டிவந்து கணுவை நேராக்கச் சொன்னால், எந்த நல்ல மருத்துவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

காரணத்துக்கு ஏற்ற கவனிப்பு

எலும்பாகாத முட்டி என்று எக்ஸ்ரே சொன்னால், நோக்கம் ஒன்றுதான்: எலும்பாகும் வரை அந்தச் சிறு எலும்புகள் மீது கோணலான எடை விழாமல் காப்பது. குட்டியைச் சிறிய கொட்டடியில் வைத்து, பெரும்பாலும் படுத்தே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கால் கோணலாக இருந்தால் அதை நேராக வைத்து, குழாய் வடிவ மாவுக்கட்டோ ஸ்பிளிண்டோ (காலோடு சேர்த்துக் கட்டும் விறைப்பான தாங்கி) போட வேண்டும். அந்தக் கட்டு கணுவுக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும் என்பது முக்கியம். கணுவும் குளம்பும் வெளியே இருந்து எடை தாங்கினால்தான் கீழே உள்ள தசைநாண்கள் தளராமல் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நிரம்பியது தெரிந்த பிறகே நடமாட விட வேண்டும். நிரம்ப ஒரு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

நார்த் தளர்ச்சி என்றால் கதையே வேறு. எலும்பு முழுமையாக இருக்கிறது என்று உறுதியானதும், இந்தக் குட்டிக்குக் கட்டுப்பாடான நடைதான் மருந்து. தாயை மெதுவாக நடத்திக் குட்டியைப் பின்னால் வரவிட்டு, நாளுக்குச் சில முறை, சில நிமிடம் மட்டும். தசை வலுக்க வலுக்க மூட்டும் நிற்கும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். களைத்துப்போய்க் கால் இன்னும் சாய்ந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இங்கே மாவுக்கட்டு போடுவது தளர்ச்சியைக் கூட்டவே செய்யும்.

மூன்றாவது வகை, வளர்ச்சித் தட்டு. இதில் முதலில் சொல்ல வேண்டியது, தட்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது. தட்டின் ஒரு பக்கத்தில் இயல்பான அளவுக்குள் அழுத்தம் கூடினால், அந்தப் பக்கம் கொஞ்சம் வேகமாக வளர்ந்து காலை நேராக்கும். லேசான கோணல்கள் தானாகச் சரியாவது இப்படித்தான். ஆனால் அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கத்து வளர்ச்சி ஒடுங்கிப்போகும், கோணல் கூடும், கூடிய கோணல் அழுத்தத்தை இன்னும் ஏற்றும். நாள் முழுக்கத் தாய்க்குப் பின்னால் பெரிய மைதானத்தில் ஓடும் கோணல்கால் குட்டி அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். கொட்டடியிலோ சிறிய தடுப்பிலோ வைப்பது இதற்காகத்தான். ஓய்வு என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதாகப் பலருக்குத் தோன்றுகிறது. உண்மையில் இந்தச் சிகிச்சைகளில் அதிகக் குட்டிகளை நேராக்குவது அதுதான்.

அப்புறம் குளம்பு. விதி இதுதான்: வால்கஸ் என்றால் குளம்பின் வெளிச்சுவரைத் தாழ்த்த வேண்டும், வேரஸ் என்றால் உள்சுவரை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக அராவ வேண்டும். ஒரேயடியாகச் செதுக்கினால் முட்டியில் உள்ள கோணல் அப்படியே இருக்க, கணுவிலும் அதற்குக் கீழும் புதுக் கோணல் வந்து சேரும். தேவைப்பட்டால் அக்ரிலிக் பசையால் குளம்பை ஒரு பக்கம் நீட்டலாம்: வால்கஸுக்கு உள்பக்கம், வேரஸுக்கு வெளிப்பக்கம். குட்டியின் குளம்பு வேகமாக வளர்வது. ஒட்டியதை வாரக்கணக்கில் மறந்துவிட்டால் குளம்பே குறுகிப்போகும்.

அறுவை சிகிச்சை: இரண்டு முறைகள், இரண்டு தர்க்கங்கள்

1. மெதுவாக வளரும் பக்கத்தைத் தூண்டுவது. கோணலின் உட்குழிந்த பக்கத்தில், வளர்ச்சித் தட்டுக்குச் சற்று மேலே எலும்புறையை, அதாவது எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை, வெட்டித் தூக்கிவிடுவார்கள். 1980களில் இது மிகவும் பரவியது. அளவுக்கு மீறி நேராகி மறுபக்கம் வளைந்துவிடும் அபாயம் இல்லை என்பது இதன் கவர்ச்சி. ஆனால் 2002ல் வெளியான ஒரு ஆய்வில், சோதனைக்காகக் கோணல் உண்டாக்கப்பட்ட குட்டிகளில் ஒரு காலுக்கு இந்த அறுவையைச் செய்து, மறுகாலுக்குச் செய்யாமல் விட்டுப் பார்த்தார்கள். கொட்டடி ஓய்வும் குளம்பு அராவலும் இரண்டுக்கும் பொது. இரண்டு கால்களும் ஒன்றுபோலவே நேராகின. இன்றும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஓய்வும் குளம்பு வேலையும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன் இதற்கு ஒப்புக்கொள்வது சரியல்ல என்பதே என் எண்ணம்.

2. வேகமாக வளரும் பக்கத்தை நிறுத்தி வைப்பது. கோணலின் புடைத்த பக்கத்தில், வளர்ச்சித் தட்டைக் குறுக்கே பிணைக்கும்படி இரண்டு திருகும் கம்பியுமோ, தட்டை ஊடுருவிச் செல்லும் ஒற்றைத் திருகோ வைப்பார்கள். அந்தப் பக்கம் நிற்க, மறுபக்கம் வளர்ந்து சமன் செய்யும். இது நிச்சயமாக வேலை செய்யும் முறை. அதனாலேயே ஆபத்தும் உண்டு: கால் நேரான உடனே திருகை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் வால்கஸ் வேரஸாகிவிடும். திருகு வைத்த பிறகு வாரம் ஒரு முறை பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது.

முன்பின் கோணல்: இறுக்கமும் தளர்வும்

தளர்வு பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் எளிதில் தீரும். குட்டி ஆரோக்கியமாக இருந்தால் ஓரிரு வாரங்களில் சிறு நடையிலேயே தசைநாண் இறுகிவிடும். குதிகால் தோல் தரையில் தேய்ந்து புண்ணாகும் அளவுக்குக் கணு தாழ்ந்தால், குளம்புக்குப் பின்னால் சில சென்டிமீட்டர் நீளும் தட்டையான தகட்டை ஒட்டலாம். குதிகாலைப் புண்ணிலிருந்து காக்க மெல்லிய துணி சுற்றலாம். தாங்கிப் பிடிக்கும் கனமான பேண்டேஜ் வேண்டாம்.

இறுக்கம் அப்படியல்ல. கடுமையாக மடிந்த கால்கள் பிரசவத்தையே தடுத்துவிடும். லேசாக மடிந்திருந்து, கையால் நேராக்க முடிந்தால், நடையும் பேண்டேஜும் போதும். அதைத் தாண்டினால் ஸ்பிளிண்ட். குட்டியின் தோல் மிக மெல்லியது. பிளாஸ்டிக் குழாயை நீளவாட்டில் பிளந்து செய்யும் ஸ்பிளிண்டின் விளிம்பு ஒரே இரவில் தசைநாண் தெரியும் ஆழத்துக்குப் புண் போட்டுவிடும். தடிமனான பஞ்சு வைத்து, சில மணி நேரம் கட்டி, அவிழ்த்து, தோலைப் பார்த்து, ஓய்வு கொடுத்து, மறுபடி கட்ட வேண்டும்.

முதல் சில நாட்களில் மருத்துவர்கள் ஆக்ஸிடெட்ராசைக்ளின் மருந்தை 2 முதல் 3 கிராம் வரை சலைனில் கலந்து, ரத்தக்குழாய் வழியே மெதுவாக ஏற்றுவார்கள். இது ஆன்டிபயாடிக்தான், ஆனால் இங்கே தொற்றுக்காகக் கொடுப்பதில்லை. தசைநாண் செல்கள் கொலாஜன் இழைகளைச் சுருக்கி இழுப்பதை இது குறைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. பலன் ஒன்றிரண்டு நாளில் தெரியும். இந்த அளவு, பால் குடிக்காமல் நீர் வற்றிய குட்டியின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். அதனால் குட்டி நன்றாகக் குடித்துச் சிறுநீர் கழிக்கிறதா என்று பார்க்காமல், யார் சொன்னாலும், வீட்டில் கொடுக்கிற மருந்தல்ல இது.

இன்னொரு நிலை தசைநாண் இறுக்கத்தைப் போலவே தோன்றி ஏமாற்றும். முன்முட்டியின் முன்பக்கத்தில், வெளிப்புறமாக, வலியில்லாத மெத்தென்ற வீக்கம் இருந்து, குட்டி நடக்கும்போது கணு முன்னே மடங்கி இடறினால், காலை முன்னே நீட்டும் தசைநாண் அறுந்திருக்கலாம். அதைத் தைக்க வேண்டியதில்லை. ஓய்வும், குளம்பு மடங்காமல் காக்கும் ஸ்பிளிண்டும் போதும்; வாரங்களில் ஆறிவிடும்.

காலைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

குதிரையின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதங்களைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. குட்டிக்கு அவை சீம்பாலிலிருந்துதான் கிடைக்கின்றன. குடல் அவற்றை உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முடிந்துபோகிறது. கால் கோணலால் எழுந்து நிற்க முடியாத குட்டிக்குக் காலைவிட இதுதான் உடனடி ஆபத்து. பிடித்து நிறுத்திக் குடிக்க வைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் சீம்பாலைக் கறந்து புட்டியிலோ, மருத்துவர் கையால் குழாய் வழியாகவோ முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி.

சூடான, வீங்கிய, தொட்டால் உதைக்கிற மூட்டு எதுவானாலும் அது கோணல் கால் விவகாரம் அல்ல. மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

கால் முழுக்க நேராக இருந்தாக வேண்டுமா?

பந்தயத் தரோபிரெட் குதிரைகளை வைத்து 2004ல் வெளியான ஆய்வு ஒன்றில், முன்முட்டியில் வால்கஸ் கூடுதலாக இருந்தவற்றில் முட்டி எலும்பு முறிவுக்கான வாய்ப்பு குறைவாகவே இருந்தது. லேசான சாய்வைக் குறை என்று எண்ணித் திருகு வைத்து நேராக்குவது, விற்பனையில் பார்வைக்கு அழகாக இருக்கலாம். குதிரைக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. கணு வேரஸும் நசுங்கிய ஹாக்கும் வேறு. அவை மூட்டின் ஒரு பக்கத்தில் வாழ்நாள் முழுக்க எடையைக் குவிக்கும்.

நேராகப் பிறந்த குட்டிக்கும் பின்னர் கோணல் வரலாம். ஒரு காலில் நொண்டும் குட்டி மறுகாலில் எடையைப் போட்டே அந்தக் காலை வளைத்துவிடும். அளவுக்கு மீறிய தீவனத்தில் வேகமாக எடை கூடும் குட்டிக்கும், தாமிரம், துத்தநாகம் போன்ற தாதுக்கள் சரியான அளவில் கிடைக்காத குட்டிக்கும் இதே அபாயம் உண்டு. ஆறு மாதம் ஆகும்வரை வாரம் ஒரு நாள், ஒரே சமதளத் தரையில் நிறுத்தி, ஒவ்வொரு முட்டிக்கும் கணுவுக்கும் நேரே நின்று, ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெதுவாக வரும் மாற்றம் தெரியாது. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மருத்துவரால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியும், கோணல் குறைகிறதா, நிற்கிறதா, கூடுகிறதா என்று.